தொங்குறதுக்கு முதுகு கிடையாது

பிப்ரவரி 5ஆம் தேதி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து 60 பேப்பர் ஹார்ட் வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் தலையில ஒரு ஓட்டை போட்டு, நூல் கோத்து, ஸ்டூல் மேல ஏறி எறங்கி முட்டி விட்டுப் போற அளவுக்கு வேலை பாத்து, தம்பி கடை சீலிங்ல தொங்க விட்டுட்டு வந்தேன். மறுநாள் காலைல டீ குடிக்கிற சாக்குல பெருமையா பாக்கப் போனா ஒண்ணு கூட ஹார்ட்டா தெரியல. பாதி கோடா நிக்குது, மீதி முதுகக் காட்டிட்டு நிக்குது. நான் வாங்கிருந்தது கிளேஸ் பேப்பர், ஒரு பக்கம் செவப்பு பளபளன்னு, பின்னாடி வெள்ளை. அதனால வாசல்ல நின்னு பாத்தா என்னமோ கிழிச்ச நோட்டு பேப்பர நூல்ல கட்டித் தொங்க விட்ட மாதிரி இருந்துச்சு. ஃபேன போட்டா ஒரு செகண்ட் முகம் காட்டும், "ஆங், ஹார்ட்டு"னு நெனக்கிறதுக்குள்ள திரும்பிக்கும்.

டீ மாஸ்டர் மட்டும் பெரிய மனசு பண்ணி "நல்லாருக்குக்கா, எலக்சன் தோரணம் மாதிரி" னாரு.

சரி, கதைய மொதல்லேந்து சொல்லிடுறேன். தம்பி மாயவரத்துல ஒரு சின்ன பேக்கரி வச்சிருக்கான் (போர்டுல, பஸ்ல, ஆதார்ல எல்லாம் மயிலாடுதுறைதான், எங்க வாயில மாயவரம்தான் வரும்). முன்னாடி டீ, உள்ள கேக்கு, பப்ஸு, பிறந்தநாள் ஆர்டர். வருஷா வருஷம் காதலர் தினத்துக்கு எதுனா செய்யணும்னு சொல்லுவான், செய்ய மாட்டான், ஏன்னா பயம். பெரியவங்க வர்ற கடை, யாராச்சும் ஒரு மாதிரி பேசிருவாங்களோன்னு. இத்தனைக்கும் அவன் பண்ணதே லவ் மேரேஜ், அத வச்சு எங்க வீட்ல ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம கெடந்தது, அது வேற கதை. இந்த வருஷம் தம்பி பொண்டாட்டிதான் புடிச்ச புடியா நின்னா. "அண்ணி, நீங்க கை வேலை நல்லா செய்வீங்கல்ல, வெளில டெக்கரேசனுக்கு ஆள் கூப்ட்டா அவன் கேக்குற காசுக்கு நான் நூறு கேக் விக்கணும், நீங்களே ஏதாச்சும் பேப்பர்ல பண்ணிக் குடுங்க" னு. தம்பி கடைசியா ஒத்துக்கிட்டது ஒரே ஒரு கண்டிசனோட, போர்டுல காதல்ங்குற வார்த்தை வரக்கூடாது. "பிப்ரவரி 14 ஸ்பெஷல்" னு எழுதி வச்சான். என்னமோ பேங்க் லீவு அறிவிப்பு மாதிரி.

அந்த மொத அறுபது ஹார்ட்டுக்கு அச்சு என்ன தெரியுமா, வெத்தலை. அளவுக்கு அட்டை தேடி கிடைக்கல, அம்மாவோட வெத்தலைத் தட்டுலேந்து ஒரு நல்ல எலையா எடுத்து, காம்பக் கிள்ளிட்டு, பேப்பர் மேல வச்சு பென்சிலால சுத்தி வரைஞ்சேன். காம்பு மேல நுனி கீழன்னு புடிச்சா அச்சு அசல் ஹார்ட்டுதான், ஒண்ணும் திருத்த வேண்டாம், நுனி மட்டும் கொஞ்சம் நீளம். கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அந்த கொழுந்து வெத்தலைதான். அம்மா பாத்துட்டு "ஏண்டி, திங்கிறதுக்கு ரெண்டு எலைதான் கெடக்கு, அதுலயும் ஒண்ண வச்சு கோலம் போடுறியா" ன்னுச்சு. நிச்சயத்துல வெத்தலை பாக்கு மாத்துறோம்ல, அந்த எலைதானே இது, ஹார்ட்டு நம்ம ஊர்ல எப்பவோ வந்துருச்சும்மான்னு சொன்னேன். அதுக்கு ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க.

ஆக அச்சுல தப்பில்ல. தப்பு எங்கன்னா, நான் சொவத்துல ஒட்டுறதுக்கு உண்டான பொருள செஞ்சு சீலிங்ல தொங்க விட்டுருக்கேன். சொவத்துல ஒட்டுறதுக்கு ஒரு முகம் போதும். நூல்ல தொங்குறது சும்மா நிக்காது, திரும்பும், அதுக்கு முன்னாடி பின்னாடின்னு கிடையாது, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் அதாவே தெரியணும். இது எனக்கு உறைச்ச இடம் டீ கிளாஸோட வாசல்ல நின்னப்ப, ஞாபகம் வந்தது திருவாரூர் தேரு.

சின்ன வயசுல பங்குனிக்கு மாமா வீட்டுக்கு திருவாரூர் போவோம். ஆழித்தேர் 96 அடி உசரம்னு சொல்லுவாங்க, கழுத்து நோக அண்ணாந்து பாத்தா எனக்கு சாமியும் தெரியாது ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சதெல்லாம் தேர சுத்தி தொங்குற தொம்பைங்கதான். துணியில செஞ்ச நீள உருளை, செவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்புன்னு துணிய வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு தச்சு, கீழ குஞ்சம் வச்சு, தேரு அசைய அசைய அதுவும் ஆடும், சுத்தும். எப்படி சுத்துனாலும் அது அழகா இருந்துச்சு, ஏன்னா அது உருண்டை. அதுக்கு முதுகே கிடையாது. தேருக்கு நாலு பக்கமும் ஜனம் நிக்கும், எந்த வீதியில நிக்கிறவனுக்கும் ஒரே மாதிரி தெரியணும். தஞ்சாவூர் பக்கம் தேர்ச்சீலை தைக்கிறவங்க தலைமுறை தலைமுறையா இத செய்யுறாங்க, கல்யாணப் பந்தல்லயும் தொங்க விடுவாங்க, நான் நூறு தடவ பாத்துருப்பேன், ஆனா ஏன் அத உருளையா தைக்கிறாங்கன்னு அன்னிக்கு வரைக்கும் யோசிச்சதே இல்ல. அந்த மாதிரி ஒரு கேள்வி வர்றதுக்கு அறுபது ஹார்ட் வீணாப் போக வேண்டியிருக்கு.

இன்னொரு எதிரி பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. பிப்ரவரி 14னா மாசி பொறந்து ரெண்டாம் நாள் வாக்குல வரும், காவேரிக் கரையில அந்த நேரம் விடியக்காலைல பனி எப்புடி இருக்கும்னு இங்க இருக்குறவங்களுக்கு சொல்ல வேண்டாம். கடை ஷட்டர் காலைல நாலரைக்கே தொறக்குறாங்க, டீக்கு. உள்ள வர்ற ஈரத்துல கிளேஸ் பேப்பர் மொத்தமும் ஓலை மாதிரி சுருண்டுருச்சு. ஒரு பக்கம் பூச்சு இருக்கு, மறுபக்கம் இல்ல, வெறும் பக்கம் ஈரத்த குடிச்சு விரியுது, பூச்சுப் பக்கம் விரியாம அடம் புடிக்குது, அப்புறம் சுருளாம என்ன பண்ணும். செலோ டேப்பும் கழண்டு நாலஞ்சு டீ பாய்லர் மேல விழுந்து கெடந்துச்சு. நல்ல வேளை எதுவும் பத்திக்கல.

எல்லாத்தையும் கழட்டிட்டேன். ரெண்டாவது ரவுண்டு, இது சரியா வந்துச்சு, அதனால கொஞ்சம் வெவரமா எழுதுறேன், யாருக்காச்சும் உதவும்.

பேப்பர் பட்டைங்கள வளைச்சு செய்யுற ஹார்ட் இது. ரெண்டு பக்கமும் ஒரே கலர் இருக்குற, கொஞ்சம் தடிச்ச பேப்பர் வேணும். ஜெராக்ஸ் பேப்பர் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்குற கணக்கு) வாக்குல இருக்கும், அதுல செஞ்சா தொவண்டு போயிரும், கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி 300 ஜிஎஸ்எம் எடுத்தா வளைக்கிற எடத்துல வெடிக்கும். 150லேந்து 180 வரைக்கும்தான் சொன்ன பேச்சு கேக்குது. கடையில ஜிஎஸ்எம்னு கேட்டா சில பேர் முழிப்பாங்க, ஒரு ஷீட்ட எடுத்து வளைச்சுப் பாத்து வாங்கிருங்க. முக்காலு இன்ச் அகலத்துல பட்டை வெட்டணும், ஒரு ஹார்ட்டுக்கு ஆறு. பத்து இன்ச்சுல ரெண்டு, எட்டுல ரெண்டு, ஆறுல ரெண்டு. பத்து இன்ச் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு முகம் பாத்த மாதிரி சேத்து வச்சு, அதுக்கு ரெண்டு பக்கமும் எட்டு ஒண்ணு ஒண்ணு, அதுக்கும் வெளில ஆறு ஒண்ணு ஒண்ணு. நீளமானது நடுவுல, குட்டை வெளில, இத மாத்தி வச்சா வராது, நான் மாத்தி வச்சு பாத்துட்டேன். கீழ் நுனி ஆறையும் சமமா தட்டி அங்க ஒரு பின் அடிக்கணும். இப்ப கையில ஒரு விசிறி மடக்கி வச்ச மாதிரி இருக்கும். இதுல இடது பக்க மூணையும் இடது பக்கமா, வலது மூணையும் வலது பக்கமா வெளிய சாச்சு, அப்படியே கீழ வளைச்சுக் கொண்டாந்து, பின் அடிச்ச எடத்துக்கும் கீழ மூணு இன்ச்சு போல எறக்கி, எல்லா நுனியையும் ஒண்ணா கூட்டிப் புடிச்சு இன்னொரு பின். அவ்வளவுதான். மொத பின் அடிச்ச எடம் ஹார்ட்டோட நடுப்பள்ளமாயிரும், ரெண்டாவது பின் நுனி. ஹார்ட்டுக்குள்ள ஹார்ட், அதுக்குள்ள ஹார்ட், மூணு வளையம், நடுவுல காத்து. முக்காலு இன்ச் அகலம் இருக்குறதால பக்கவாட்டுல திரும்புனாலும் கோடா ஆகாது, ரிப்பன் சுத்துன மாதிரி தெரியும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, இது எனக்கு எங்க ஊர்ல நோட்டு பைண்டிங் பண்றவரு ஒருத்தர் என்னிக்கோ சொன்னது. பேப்பருக்கும் நாரோட்டம் உண்டு. மெஷின்ல ஓடுறப்ப அது ஓடுற திசையில நாரெல்லாம் படுத்துக்கும், அதனால ஒரு பக்கமா வளைச்சா லேசா வளையும், குறுக்க திருப்பி வளைச்சா மொரண்டு புடிக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி ஷீட்ட ரெண்டு பக்கமும் மடிக்காம சும்மா வளைச்சு பாருங்க, எப்படி லேசா வளையுதோ அந்த வளைவுதான் பட்டையோட நீளத்துல வரணும். மாத்தி வெட்டுனா ஹார்ட்டு ஒடிஞ்சு ஒடிஞ்சு மூலை மூலையா வரும், ஹார்ட்டா வராது, கத்திரிக்கா மாதிரி வரும். மொத பத்து எனக்கு கத்திரிக்காதான்.

அடுத்தது நூல். பூ கட்டுற நூல்ல கட்டுனா, அது முறுக்கு நூல், கீழ கொஞ்சம் கனம் வந்ததும் முறுக்கு விட்டு சுத்த ஆரம்பிக்கும், நிக்கவே நிக்காது, பாக்குறவங்களுக்கு தல சுத்தும். மீன் புடிக்கிற தங்கூசி வாங்கிப் பாத்தேன், கண்ணுக்கு தெரியாது நல்லாத்தான் இருக்கு, ஆனா சுருள்லேந்து எடுத்த சுருட்டை போக மாட்டேங்குது, முடிச்சும் வழுக்கிட்டு அவுருது. கடைசில கைகுடுத்தது வாழைநார். பூக்கார அம்மாகிட்ட ஒரு கட்டு வாங்குனேன். நார் தட்டையா இருக்கு, முறுக்கு இல்ல, அதனால சும்மா சும்மா சுத்தாது. தண்ணில நனைச்சு முடிச்சு போட்டோம்னா காஞ்சதும் முடிச்சு அப்புடியே கெட்டியா நின்னுரும். நடுப்பள்ளத்துல, பத்து இன்ச் பட்டை ரெண்டுக்கும் நடுவுல நார விட்டு பின்னோட சேத்து அடிச்சிட்டா ஹார்ட்டு நேரா தொங்கும், ஒரு பக்கமா சாயாது. செவப்புக்கு மேல அந்த வெளுத்த பழுப்பு நாரு, சொன்னா நம்ப மாட்டீங்க, சாட்டின் ரிப்பன விட நல்லாருந்துச்சு.

கீழ நுனியில ஒரு கனம் வேணும், இல்லன்னா காத்துக்கு துள்ளும். புளியங்கொட்டை கட்டலாம்னு இருந்தேன். அப்பதான் அம்மா வயக்காட்டுலேந்து ஒரு கத்தை கதிர் கொண்டாந்துச்சு. அறுப்பு மிஷின் மூலைக்கு திரும்பாதுல்ல, அந்த மூலைங்கள்ல நிக்கிறத கையாலதான் அறுக்கணும், அப்படி அறுத்தது. எங்க வீட்ல வருஷா வருஷம் அதுல ஒரு குஞ்சம் கட்டி தாழ்வாரத்துல தொங்க விடுறது வழக்கம், குருவி வந்து கொத்தும். அதுல ஹார்ட்டுக்கு மூணு கதிர்னு கட்டுனேன். ஹார்ட்டு நாலு கிராம் இருந்தா அதிகம், கதிரு அத விட கனம், கயிறு கட்டுன மாதிரி நேரா நின்னுச்சு. தேருல தொம்பைக்கு கீழ குஞ்சம் ஏன் வக்கிறாங்கன்னும் அப்ப புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அழகுக்கு மட்டும் இருக்காது.

நாப்பது செஞ்சு எடுத்துட்டுப் போனா தம்பி பொண்டாட்டி ஒண்ண எடுத்து திருப்பித் திருப்பி பாத்துட்டு, "அண்ணி, ரொம்ப அழகா இருக்கு, ஆனா பின்னு" ங்குறா. "என்ன பின்னு?" "கேக் கவுண்டருக்கு மேல தொங்குறதுல பின்னு இருந்து ஒண்ணு கழண்டு க்ரீம்ல விழுந்து யாராச்சும் பிள்ள முழுங்கிட்டா?" அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி, எனக்கு ஏன் தோணலன்னு வெக்கமா போச்சு. அப்ப பின்னு வச்சதெல்லாம் வாசலுக்கு, கூரைத் தகரத்துக்கு கீழ. உள்ள கவுண்டருக்கு மேல பின்னும் இருக்கக் கூடாது, பசையும் இருக்கக் கூடாது (மைதா பசை காச்சலாம், ராத்திரி கரப்பான் விருந்துக்கு வந்துரும்). பின்னு இல்லாம பசை இல்லாம பேப்பர் எப்படி நிக்கும்?

இந்தக் கேள்விக்கு பதில் சொன்னது தம்பி மக, ஒம்பதாவது படிக்கிறா. போன்ல ஒரு வீடியோ காட்டுனா. டென்மார்க்ல கிறிஸ்மஸுக்கு வீட்டு மரத்துல தொங்க விடுற ஹார்ட்டாம், செவப்பு பேப்பரும் வெள்ளை பேப்பரும் பின்னிப் பின்னி செய்யுறது, ஒட்டுறதே கிடையாது, செஞ்சு முடிச்சா அது ஒரு பை மாதிரி தொறக்குது, உள்ள மிட்டாய் போட்டு வப்பாங்களாம். நான் நாலு தடவ வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்து செஞ்சு நாலும் கிழிஞ்சுது. அம்மா அந்தாண்ட உக்காந்து உளுந்து பொடைச்சிட்டு இருந்துச்சு, மொறத்த கீழ வச்சுட்டு "இஞ்ச கொண்டா" ன்னுச்சு.

எங்கம்மா கீத்து முடையுற கை. கல்யாணம் ஆன புதுசுல கொல்லையில இருக்குற தென்னை மட்டைய ஊறப்போட்டு ஒரு நாளைக்கு எத்தன முடையும்னு அதுக்கே கணக்கு தெரியாது, பந்தலுக்கு, கொட்டகைக்கு, பக்கத்து வீட்டுக்குன்னு. இப்ப எல்லாம் தகரம், யாரு கீத்து கேக்குறா. அந்த கையில பேப்பர் பட்டைய குடுத்ததும் வெரலுங்க தானா போகுது, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டு நிமிஷத்துல கட்டம் கட்டமா ஒரு ஹார்ட்டு. தம்பி மக கை தட்டுனா. ஆனா வாய தொறக்கப் பாத்தா தொறக்கல. பின்னி பூட்டுனதாச்சு, பையா ஆகல.

ஏன்னா இது கீத்து இல்ல. ஒவ்வொரு பட்டையும் ரெட்டை, மடிச்ச பேப்பர், வளையம் மாதிரி. மேல கீழன்னு போனா பூட்டிக்கும். ஒரு வளையம் எதிர்த்த வளையத்துக்குள்ள பூந்து போகணும், அடுத்த வளையம் வந்தா அது தன்னோட வாய தொறந்து அத உள்ள விடணும், இப்புடி மாத்தி மாத்தி. அம்மா அந்த வீடியோவ ரெண்டாவது தடவ பாக்கல, கிழிஞ்சு கெடந்த என்னோடத எடுத்து வெளக்கு வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்துச்சு, அப்புறம் அதுவா சொல்லிக்குது, "ஒரு வீட்டுக்குள்ள பூந்து போறேன், அடுத்த வீட்டுக்காரிய என் வீட்டுக்குள்ள விடுறேன், பூந்து போறேன், உள்ள விடுறேன்." மூணாவது ஹார்ட்டு தொறந்துச்சு. தொறந்ததும் அதுக்குள்ள வெரல விட்டு ஆழம் பாத்துட்டு "ரெண்டு கமர்கட்டு புடிக்கும்" ன்னுச்சு.

அளவு வேணும்ங்குறவங்களுக்கு: மூணு இன்ச் அகலம், ஒம்பது இன்ச் நீளத்துல செவப்புல ஒண்ணு வெள்ளையில ஒண்ணு. ரெண்டையும் ஒம்பது இன்ச் நாலரையா ஆகுற மாதிரி பாதியா மடிங்க. மடிப்புக்கு எதிர்ப்பக்க நுனிய அரைவட்டமா வெட்டுங்க. மடிப்புப் பக்கத்துலேந்து உள்ள மூணு கீறல், சமமா, நாலு பட்டை வர்ற மாதிரி. கீறலோட நீளம் அகலத்துக்கு சமம், அதாவது மூணு இன்ச், அதுக்கும் மேல ஒரு நெல்லு நீளம் பாதி சேத்துக்கோங்க, அந்த அரை நெல்லு விடலன்னா கடைசி பட்டை பூரவே பூராது, அங்கதான் எனக்கு நாலும் கிழிஞ்சது. இதுக்கு மெல்லிசு பேப்பர்தான் சரி, 180 எடுத்தா வெரலு வலிக்கும். ரெண்டையும் எல் மாதிரி குறுக்க வச்சு பின்ன ஆரம்பிங்க, ரெண்டு அரைவட்டமும் ஹார்ட்டோட ரெண்டு தோளா வந்துரும்.

டென்மார்க்னதும் எனக்கு தரங்கம்பாடி ஞாபகம் வராம இருக்குமா, பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல போயிறலாம். 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் கிட்ட எடம் வாங்கி டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை கடலப் பாத்துட்டு இன்னும் நிக்குது. 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் 225 வருஷம் இருந்திருக்காங்க. உடனே என் மண்டையில ஒரு கதை ஓடிருச்சு: இங்க நம்ம ஆளுங்க கீத்து முடையுறத பாத்துட்டுப் போயிதான் அவன் ஊர்ல பேப்பர்ல ஹார்ட் பின்னிருக்கான்! வாட்ஸப்ல போட்டா ஒரே நாள்ல அமெரிக்கா போயிட்டு திரும்பி நம்ம ஃபேமிலி குரூப்புக்கே வந்துரும். ஆனா தேதி ஒதைக்குது. அந்த பின்னல் ஹார்ட்டுல இருக்குறதுலயே பழசுன்னு வச்சிருக்குறது குழந்தைகளுக்கு கதை எழுதுன ஆண்டர்சன் 1860ல தன் கையால செஞ்சது, பேப்பர் வெட்டுறதுல அந்தாளு பெரிய கில்லாடி. அதாவது இங்கேந்து மூட்டை கட்டி 15 வருஷத்துக்கு அப்புறம். பட்டைய குறுக்க நெடுக்க வுட்டா பின்னல் வரும்னு கண்டுபுடிக்க யாரும் யார் ஊருக்கும் போக வேண்டியதில்ல, ஓலை இருக்குற எடத்துல ஓலையில, பேப்பர் இருக்குற எடத்துல பேப்பர்ல. கதைய அழிச்சுட்டேன், மனசில்லாமதான்.

ஆனா பேப்பர் விஷயத்துல தரங்கம்பாடிக்கு உண்மையிலேயே ஒரு கதை இருக்கு. 1706ல சீகன்பால்குங்குற ஜெர்மன் பாதிரியாரு வந்து எறங்குனாரு, அச்சுக்கூடம் வந்துச்சு, தமிழ்ல அச்சடிக்க ஆரம்பிச்சதும் பேப்பர் பத்தல, கப்பல் வந்தாதான் பேப்பர். அதனால பக்கத்துல பொறையாறுல 1710களுலயே ஒரு பேப்பர் பட்டறை போட்டாங்க. அந்த எடத்துக்கு கடுதாசிப்பட்டறைன்னே பேர் வந்துச்சு. கடுதாசிங்குறது போர்ச்சுகீசு சொல்லு, கர்தாஸ்னு இருந்தது நம்ம வாய்க்கு வந்து கடுதாசி ஆச்சு. அம்மா இன்னும் பேப்பர்னு சொல்லாது, கடுதாசிதான். லெட்டருக்கும் அதே கடுதாசி. தம்பி அந்தக் காலத்துல எழுதி மாட்டிக்கிட்டானே அதுவும் கடுதாசிதான். அம்மா அன்னிக்கு செவப்பு வெள்ளை பட்டைங்கள மடியில போட்டுக்கிட்டு "இந்தக் கடுதாசி போதாது, இன்னும் கொண்டா" ன்னப்ப தம்பி பொண்டாட்டி குனிஞ்சுகிட்டு சிரிச்சா, அம்மாவும் பாத்துச்சு, ஒண்ணும் சொல்லல.

மூணு நாள்ல 90 பின்னுனோம். அதுல எழுபது அம்மாவோடது.

14ஆம் தேதி காலைல அஞ்சு மணிக்கு வாசல்ல பட்டை ஹார்ட்டு நாப்பது, கீழ கதிரோட, உள்ள கவுண்டர் மேல பின்னல் ஹார்ட்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கமர்கட்டு (ரெண்டு போட்டா நார் தாங்கும், தம்பி மனசு தாங்காது). கேக் வாங்குனா ஒண்ணு கழட்டிக் குடுக்குறதா ஏற்பாடு. பனியில நனைஞ்சு வந்த மொத கஸ்டமர் பால்காரரு, ரெண்டு பன் வாங்கிட்டு "எனக்கு கெடையாதா?" ன்னு கேட்டு ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. ஏழரை மணிக்கு நான் பெருமையா வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்கேன், ஒரு குருவி வந்து கதிருல உக்காந்துச்சு. நல்லாருக்கேன்னு அதையும் போட்டோ எடுத்தேன். அப்புறம் மூணு. அப்புறம் எண்ண முடியல. தகரத்துக்கு கீழ அதுங்களுக்கு ஏற்கனவே குடித்தனம் இருந்திருக்கு, நாங்க வாசப்படியில கொண்டாந்து சாப்பாடு கட்டிருக்கோம். ஒம்பது மணிக்கெல்லாம் நெல்லு மொத்தமும் உருவிட்டு வெறும் வைக்கோல் காம்பு தொங்குது, கனம் போனதும் ஹார்ட்டெல்லாம் காத்துக்கு துள்ளி எகிறி ஒண்ணோட ஒண்ணு நார சுத்திக்கிச்சு. கீழ தரை பூரா உமி. டீ குடிக்கிறவங்க கிளாஸ கையால மூடிக்கிட்டு குடிக்கிறாங்க. தம்பி என்னைய பாத்த பார்வ இருக்கே.

ஸ்டூலப் போட்டு ஏறி சிக்கு எடுத்து, இருபதுக்கு புளியங்கொட்டை கட்டுனேன். மீதி இருபதுக்கு கை வரல, அப்படியே விட்டுட்டேன்.

உள்ள வச்சது பன்னெண்டு மணிக்கெல்லாம் தீந்துருச்சு. வாங்குனது பாதி காலேஜ் பசங்க, பயந்து பயந்து, மீதி யாருன்னு பாத்தா ஸ்கூல் புள்ளைங்க, அப்புறம் ஒரு பெரியவரு, எழுவது வயசு இருக்கும், கால் கிலோ தேங்கா பிஸ்கட் வாங்கிட்டு ஹார்ட்ட தொறந்து கமர்கட்ட எடுத்து தம்பி கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, "சுகரு தம்பி, அவளுக்கும் ஆகாது" ன்னு வெறும் பைய மட்டும் மடிச்சு சட்டப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டாரு. போர்டுல காதல்னு போடாததால ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, போட்டிருந்தாலும் சொல்லிருக்க மாட்டாங்கன்னுதான் எனக்கு தோணுது.

இப்ப பங்குனி. புளியங்கொட்டை கட்டுன இருபதையும் தம்பி கழட்டிட்டான். குருவி கொத்துன பக்கத்தை மட்டும் கழட்ட விடல, அம்மாதான். வாரத்துக்கு ஒருக்கா கடைக்கு வர்றப்ப முந்தானையில நாலு கதிர் முடிஞ்சு கொண்டாந்து, டீ மாஸ்டர ஸ்டூல்ல ஏத்தி கட்டச் சொல்லுது. வெயில்பட்டு செவப்பெல்லாம் வெளுத்து வெளுத்து வெந்த எறா கலருக்கு வந்துருச்சு, ரெண்டு மூணு வளையம் கழண்டு தொங்குது. போன வாரம் புதுசா ஒருத்தர் டீய உறிஞ்சிக்கிட்டே அண்ணாந்து பாத்து, "என்னா தம்பி இது, குருவிக்கு கட்டிருக்கியா?" ன்னாரு.

"ஆமாண்ணே" ன்னான்.